இரண்டாவது ஆள் வாசிக்காத அறிவித்தல்

எங்கள் அலுவலகத்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. எழுதியவர் எவராக இருந்தாலும், எழுதியது இரண்டே வரியாக இருந்தாலும், இன்னொருவர் வாசித்துப் பார்க்காமல் அது வெளியே போகாது. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. எனக்கு எதிர் மேசையில் இருந்த நோர்வேஜியப் பெண்மணி அப்படிப் பழகியவர், என்னையும் அப்படிப் பழக்கிவிட்டார். நான் எழுதி முடித்ததை அச்செடுத்து அவருடைய மேசையில் வைப்பேன். அவர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, உதடு அசைய வாசிப்பார். பிறகு, "மூன்றாவது வரியில் எனக்கு மூச்சு முட்டுகிறது" என்பார். அவ்வளவுதான். நான் மூன்றாவது வரியை இரண்டாக உடைப்பேன்.

ஆட்கள் வாய்விட்டுச் சொல்லும் இப்படியான வார்த்தைகளை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது என் பழக்கம். மூச்சு முட்டிய வரியும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. பஸ்ஸில் கேட்டது, கன்ரீனில் கேட்டது, மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது கேட்டது எல்லாம் இருக்கின்றன. படித்த படிப்பு என்று நான் சொல்லக்கூடியது அந்தக் கொப்பிதான்.

நான் வேலை செய்வது, பெரிய அலுவலகக் கட்டடங்களில் துப்புரவும் கன்ரீனும் நடத்துகின்ற ஒரு நிறுவனத்தில். பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில்தான் தொடங்கினேன். ஒருநாள் மேலிடத்திலிருந்து அந்த மெஷினைப் பற்றி இரண்டு பக்க அறிவுறுத்தல் வந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை. எங்களில் போலந்துக்காரர் இருந்தார்கள், எரித்திரியாக்காரர் இருந்தார்கள், நான் இருந்தேன். நான் அதை நாலு வரியில், எனக்குத் தெரிந்த சின்ன நோர்வேஜியச் சொற்களில் எழுதி மெஷினில் ஒட்டினேன். யாரோ படம் பிடித்து அனுப்ப, அது மேலே போனது. அடுத்த ஆண்டு நானும் மேலே போனேன், தொடர்பாடல் பிரிவுக்கு.

மூன்று பேர் இருந்தோம். ஊழியர்களுக்கான மாதப் பத்திரிகை, இயக்குநரின் கடிதங்கள், எப்போதாவது நிருபர் ஒருவருக்குப் பதில். அவ்வளவுக்கு மூன்று பேர் போதும். பிறகு எதிர் மேசைப் பெண்மணி ஓய்வு பெற்றார். கேக் வெட்டினோம். அவருடைய பூச்சாடி என் மேசைக்கு வந்தது, அவருடைய வேலையும் வந்தது. மூன்றாமவரான இளைஞர் குழந்தை பிறந்து விடுப்பில் போனவர், அங்கிருந்தே வேறு இடத்தில் வேலை எடுத்துக்கொண்டார். "இலையுதிர் காலத்தில் ஆள் எடுப்போம்" என்றார் எங்கள் மேலாளர். இலை உதிர்ந்தது, பனி கொட்டியது, ஆள் வரவில்லை.

வேலை மட்டும் குறையாமல் வந்தது. ஊழியர்களுக்கு ஒரு செயலி கொண்டுவந்தார்கள், அதற்குத் தினமும் ஏதாவது எழுத வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை, வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில், புது இயக்குநர் எங்கே பேசினாலும் அதற்கு உரை. அவர் பேசி முடித்ததும் அந்த உரையைப் பற்றிச் சமூக ஊடகத்தில் ஒரு குறிப்பு. எல்லாம் இரண்டு மொழியில். மேலாளர் நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கதவருகே நின்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு நெல்மணி அகலம் காட்டி, "ஒரு சின்ன விஷயம் மட்டும்" என்பார். அதையும் கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டு அந்தச் சின்ன விஷயத்தைச் செய்தேன்.

முடியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. படித்துப் பட்டம் வாங்கி வந்தவர்கள் சொல்லலாம், அவர்களுக்குப் போக வேறு இடம் இருக்கிறது. முடியாது என்று சொன்னால், இவளுக்கு ஏலாது, கீழேயே விட்டிருக்கலாம் என்று நினைத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அந்த மெஷினின் ஆவி இன்னும் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

கணினிப் பிரிவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். "கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு அக்கா" என்பாள். என் மேசையில் குவிந்திருந்ததைப் பார்த்து ஒருநாள் அவள் இரங்கினாள்.

"ஏன் அக்கா ஒவ்வொண்ணையும் புதுசா எழுதுறீங்க? ஒரு டெம்ப்ளேட் போட்டுக்கோங்க. பேரை மட்டும் மாத்திக்கிட்டே போங்க. அஞ்சு நிமிஷம்."

அவள் சொன்னது நல்லதற்குத்தான். புகாருக்கு ஒரு மாதிரி, பாராட்டுக்கு ஒரு மாதிரி, ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு மாதிரி என்று செய்துகொண்டேன். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அச்செடுத்து இன்னொரு மேசையில் வைக்க இன்னொரு மேசையில் ஆள் இல்லை. அந்த வழக்கம் எந்த நாளில் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அலுவலகத்துக்கு வெளியிலும் எனக்கு ஓர் எழுத்து வேலை இருந்தது. ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களிடையே யாராவது தவறிவிட்டால், மரண அறிவித்தலை எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. எங்கே பிறந்தவர், எங்கே வாழ்ந்தவர், யாருடைய மகன், யாருடைய கணவர், எவருக்கு மைத்துனர், எவருக்குச் சகலன். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்தில் பத்து வருடம் கதைபேச்சு இல்லாமல் போகும். முன்பெல்லாம் நான் அந்த வீட்டுக்கே போய் இருந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதி, கடைசியில் எல்லோருக்கும் முன்னால் சத்தமாக வாசிப்பேன். வாசிக்கும்போது யாராவது அழுவார்கள், யாராவது திருத்துவார்கள். ஒரு மணித்தியாலம் போகும். வேலை கூடிய பிறகு அதற்கும் ஒரு மாதிரி செய்து கைபேசியில் வைத்துக்கொண்டேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம், ஒரு பெண் அழைத்தாள். புருஷன் விடியற்காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"அக்கா, நீங்கள்தான் எழுதவேணும். எனக்குக் கை ஓடேல்லை."

"நான் எழுதுறன். நீங்கள் பேருகளை மட்டும் வொய்ஸில போட்டு விடுங்கோ."

அன்று இரண்டு மணிக்குள் இயக்குநரின் உரை போக வேண்டும். ஒரு கன்ரீனில் சாப்பாட்டு லேபிள் மாறி ஒட்டப்பட்டதற்கு மன்னிப்புக் கடிதமும் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுப் பாணைக் கடித்துக்கொண்டே அவளுடைய குரலைக் கேட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் அழுகை. பழைய அறிவித்தலைத் திறந்து, பெயர்களை மாற்றி, அவளுக்கு அனுப்பினேன். "ஓம் அக்கா, நல்லாயிருக்கு" என்று பதில் வந்தது. புருஷனை இழந்து ஆறு மணித்தியாலம் ஆன ஒருத்தியின் பதில் அது. அவள் வாசித்துப் பார்த்ததற்கு அடையாளமாக நான் அதை எடுத்துக்கொண்டேன். வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டு உரைக்குத் திரும்பினேன்.

மாலை ரயிலில் ஹவுகெட்டோ வந்து இறங்கும்போது கைபேசி அடித்தது. ஸ்ட்ரோம்மனில் இருக்கும் ஒரு தெரிந்த பெண்.

"என்னப்பா இது, தமக்கையும் போயிட்டாவோ? எப்ப? ஒரே கிழமையிலை ரெண்டு சாவோ அந்த வீட்டிலை?"

ரயில் மேடையில் உருகிய பனிச் சேற்றில் நின்றபடி அறிவித்தலைத் திறந்தேன். இறந்தவருக்கு ஒரேயொரு கூடப்பிறந்தவர், ஓர் அக்கா. பியோர்ண்டாலில் இருக்கிறார். அவருடைய பெயர் சரியாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால், முந்திய அறிவித்தலில் வேறொரு குடும்பத்தின் தமக்கைக்குப் போட்ட சொல் அப்படியே கிடந்தது. 'காலஞ்சென்ற.'

அந்த அக்காவை எல்லோருக்கும் தெரியும். திரிக் என்று நாங்கள் இங்கே சொல்லும் ட்ராம் வண்டியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர், அண்மையில்தான் ஓய்வு பெற்றார். முதலில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று, அவரைக் கூப்பிட்டு எடுத்தவர் அந்தத் தம்பி. நான் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஓம். செத்தவள்தான் கதைக்கிறன்."

"அக்கா, நான் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. என்ர பிழை. இப்பவே திருத்தி அனுப்புறன்."

"கனடாவிலையிருந்து என்ர மச்சாள் போன் எடுத்தவள், பிள்ளையளுக்கு ஆறுதல் சொல்ல. நான் ஹலோ எண்டன். குளறிப்போட்டு வைச்சிட்டாள். இன்னும் திருப்பி எடுக்கேல்லை."

"அக்கா..."

"ஆயுசு கூடுமாம். எடுக்கிற சனமெல்லாம் அதைத்தான் சொல்லுது. எனக்கு ஆயுசு கூடி நான் என்ன செய்ய? அவனுக்கெல்லோ கூடியிருக்க வேணும்."

எனக்குப் பின்னால் ரயில் கிளம்பிப் போனது. அவர் தொடர்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை தகனத்துக்கு நான் வரேல்லை, பிள்ளை. அவன்ர கடைசித் தாளிலை நான் உயிரோட இல்லை. செத்தவள் அங்கை வந்து என்ன செய்யிறது?"

வைத்துவிட்டார்.

மேடையிலேயே நின்று திருத்தி அனுப்பினேன். ஆனால் முதலில் அனுப்பியது ஊர் ஊராகப் போய்விட்டது. திருத்தியதைப் பார்த்தவர்கள் கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு இருந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் பழைய அறிவித்தல்தான் லண்டனைச் சுற்றி, பாரிஸைச் சுற்றி, திரும்பவும் என்னிடம் வந்தது. அந்தச் சொல்லோடு. அன்று மேலாளர் வாசலில் வந்து நெல்மணி அகலம் காட்டினார். நான் தலையாட்டினேன். என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை.

தகப்பன் இல்லாத வீட்டில், தாயும் இல்லாத நிலையில், ஒரு தம்பியைக் கடைசியாக வழியனுப்ப இருந்த ஒரே இரத்தம் அந்த அக்கா. அவர் அங்கே நிற்காமல் போனால் அது என்னால் வந்தது. சனிக்கிழமை காலை, திருத்தியதை அச்செடுத்துக்கொண்டு ஹவுகெட்டோவிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் பியோர்ண்டாலுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர், உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பிக் குசினிக்குப் போனார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். நடையில் அவருடைய பழைய சீருடை ஜக்கெட் இன்னும் கொளுவியில் தொங்கியது. நான் கதிரையில் உட்காருவதற்குள் என் கைபேசி மேசையில் அதிர்ந்தது. மேலாளர்.

"எடும், எடும். உம்மட வேலை" என்றார் அக்கா.

நான் எடுக்கவில்லை. எழும்பிப் போய் நடையில் என் கோட்டின் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன். அங்கேயும் அது இரண்டு தரம் அதிர்ந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"அந்தத் தாளை அனுப்பமுன்னம் ஆர் வாசிச்சது?"

"ஒருத்தரும் இல்லை, அக்கா."

"நீர்?"

"நானும் வாசிக்கேல்லை."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"நான் திரிக்கிலை ஒவ்வொரு தரிப்பிலையும் கதவு பூட்டமுன்னம் கண்ணாடி பாத்தனான். பிந்தினாலும் பாத்தனான். பின்னாலை கார்க்காரன் ஹோர்ன் அடிப்பான், உள்ளுக்கை சனம் மணிக்கூட்டைக் காட்டும். பிந்தினதுக்கு எனக்குப் பேச்சு விழுந்திருக்கு. ஒரு சனத்தின்ர கையைக் கதவுக்கை விட்டதில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிந்தக்கூடாதெண்டு நீர் என்னைச் சாகடிச்சுப்போட்டீர்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் கொப்பியில் எழுதவில்லை. எழுதாமலே நிற்கிறது.

"வாசியும்" என்றார். "சத்தமா."

நான் வாசித்தேன். அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, நான் வாசிக்கும் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தார். அவருடைய பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. முன்னால் ஒன்றும் இல்லை. வெறும் பெயர்.

"சகோதரன் எண்டு போட்டிருக்கு. அது ஆரோ மாதிரிக் கிடக்கு. ஒரேயொரு தம்பி எண்டு போடும்."

போட்டேன்.

"பார்வைக்கு வைக்கிறது பத்தரைக்கெண்டு தம்பி பெண்சாதி எனக்குச் சொன்னவள். இதிலை பதினொண்டெண்டு கிடக்கு."

அதுவும் பழைய அறிவித்தலின் நேரம். திருத்தி அனுப்பியதிலும் அப்படியேதான் போயிருந்தது. பேனாவால் வெட்டிப் பத்தரை என்று எழுதினேன்; வெளியே இறங்கியதும் எல்லோருக்கும் திரும்ப அனுப்ப வேண்டும்.

"எங்கட சனத்துக்குப் பத்தரையெண்டு சொன்னாத்தான் பதினொண்டுக்கு வரும்" என்றார். "பதினொண்டெண்டு போட்டா, பெட்டி உள்ளுக்கை போனாப்பிறகு வந்து நிண்டு அழும்."

அவருடைய வாயோரத்தில் ஏதோ அசைந்தது. அது சிரிப்பாக வரவில்லை, அழுகையாக வந்தது. அழுது முடியும்வரை நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு அவர் எழும்பி முகத்தைக் கழுவி, கேட்காமலே எனக்குப் பால் விடாத பிளேன் ரீ ஊற்றி வைத்தார். வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தகன மண்டப வாசலில் கொடுக்கும் மடித்த தாளுக்கும் அதே வரிகள்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே நான் மண்டப வாசலில் நின்றேன். அலுவலகத்துக்கு ஒருவரி அனுப்பியிருந்தேன்: இன்று வரமாட்டேன். அப்படி ஒருவரியை நான் அதற்குமுன் அனுப்பியதில்லை. சனம் வந்தது, கறுப்புக் கோட்டுகள், ஈரச் சப்பாத்துகள். பத்தரை ஆனது. இறந்தவரின் மனைவி உள்ளே இருந்து இரண்டு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஐயர் தொடங்கட்டுமா என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் அவள்.

பத்து நிமிடம் கழித்து அக்கா வந்தார். தனியாக, பஸ் தரிப்பிடத்திலிருந்து நடந்து. அவரைக் கண்டு ஒதுங்கியவர்கள் இரண்டொருவர், ஏற இறங்கப் பார்த்தவர்கள் சிலர். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. நான் நீட்டிய தாளை வாங்கி, வாசலிலேயே நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் விரல் வைத்து வாசித்தார். பின்னால் ஆட்கள் வரிசையாகக் காத்து நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, உள்ளே போய்த் தம்பியின் தலைமாட்டில் நின்றார்.

புதன்கிழமை நான் மேலாளரிடம் நேரம் கேட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். உயிரோடு இருந்தவரை இறந்தவராக எழுதி உலகமெல்லாம் அனுப்பிவிட்டேன் என்று நோர்வேஜியத்தில் சொல்லும்போது அது இன்னும் மோசமாகக் கேட்டது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, "ஆனால் அது அலுவலக வேலை இல்லையே" என்றார்.

"அலுவலகத்திலும் இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒருவரும் சாகவில்லை, அவ்வளவுதான்."

ஒரு தாளை அவருக்கு முன்னால் வைத்தேன். நான் செய்கிற வேலை எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடிக்க ஒரு முழு மாலை எடுத்தது, அதுவரை நானே அதை மொத்தமாகப் பார்த்ததில்லை. அதில் எதை நிறுத்தலாம் என்று நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். இனி இன்னொருவர் வாசிக்காத எதையும் நான் அனுப்பமாட்டேன், ஆள் இல்லாவிட்டால் அது ஆள் வரும்வரை காத்திருக்கும் என்றேன். இதற்காக என்னைத் திரும்பக் கீழே மெஷினுக்கு அனுப்பினாலும் போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "கீழேயும் இடமில்லை. அங்கேயும் ஆள் குறைத்துவிட்டார்கள்" என்றார்.

பிறகு அவர் பேனாவை எடுத்தார். மாதப் பத்திரிகையை வெட்டினார். செயலியில் தினமும் எழுதுவதை வாரத்துக்கு ஒன்றாக்கினார். இயக்குநரின் உரையைப் பற்றிய குறிப்பை வெட்டப் பயந்தார், அது இன்னும் இருக்கிறது. புது ஆள் எடுப்பதைப் பற்றி மேலே கேட்கிறேன் என்றார். கேட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆள் இன்னும் வரவில்லை. ஆனால் சம்பளப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் தினமும் இரண்டு மணிக்கு அரை மணித்தியாலம் என் எதிர் மேசையில் வந்து இருக்கிறாள். அவளுக்கு மூச்சு முட்டுவதில்லை. "இது எனக்கு விளங்கவில்லை" என்று நேரடியாகச் சொல்லிவிடுவாள். சில கடிதங்கள் இப்போது ஒருநாள் பிந்திப் போகின்றன. ஒரு வாடிக்கையாளர் அதற்கும் புகார் எழுதினார். அதற்கு நான் எழுதிய பதிலும் ஒருநாள் பிந்தியே போனது.

கைபேசியில் இருந்த மரண அறிவித்தல் மாதிரியை அழித்துவிட்டேன். இப்போது வீட்டுக்குப் போய் இருந்துதான் எழுதுகிறேன். போக முடியாத நாளில், இன்று ஏலாது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்கிறேன். சிலர் வேறு ஆளிடம் போகிறார்கள்.

சித்திரை கடந்து, பியோர்ண்டாலில் பனி முழுக்கக் கரைந்த பிறகு அந்த அக்கா அழைத்தார்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு எழுதி வையும்."

"என்னக்கா எழுத?"

"அறிவித்தல். நான் உயிரோட இருக்கேக்கையே வாசிச்சுப்போட்டுப் போறன். பிறகு உம்மை நம்பி இருக்கேலாது."

போனேன். அதே குசினி, அதே கதிரைகள். இந்தமுறை கைபேசியை நடையிலேயே விட்டுவிட்டுப் போய் இருந்தேன். ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். பெற்றோர், புருஷன், பிள்ளைகள், மருமக்கள். பிறகு உடன்பிறந்தவர் வந்தார். நான் அந்தப் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.

"எழுதும்" என்றார் அக்கா. "அந்தச் சொல்லை அவனுக்கு முன்னாலை எழுதும்."

'காலஞ்சென்ற' என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவ்வளவு மெதுவாக நான் எழுதியதில்லை.

திகதிக்கு வெறும் இடம் விட்டு, முழுவதையும் சத்தமாக வாசித்தேன். அவர் விரல் வைத்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுத் தானும் ஒருமுறை வாசித்து, தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஓம். சரி. வாசிச்சாச்சு" என்றார். "இப்ப அனுப்பிப்போடாதையும்."